மழைக்கு ஒரு நூல்

இந்த மேசையில் ஒரே கணு மூன்று இடத்தில் இருக்கிறது. இத்தனை வருடம் இதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் ஒன்று, என் முழங்கைக்குக் கீழே ஒன்று. மூன்றும் அச்சு அசலாக ஒன்றேபோல் இருக்கின்றன. மனிதர்களிலாவது இரட்டைப் பிள்ளைகள் உண்டு; மரத்தில் ஒரே கணு இரண்டு முறை வராது. இது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டியது. குறை சொல்லவில்லை மேடம். ஆபீஸ் மேசை என்றால் இப்படித்தான் இருக்கும்.

நடந்ததை நடந்தபடி என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிடித்துப்போட்ட வண்டிகளுக்கு நடுவில், மேலே ஒரு தார்ப்பாய்கூட இல்லாமல் உங்கள் ஸ்டேஷன் பின்முற்றத்தில் நிற்கும் அலமாரியை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். சாரல் அடிக்கிறது. நான்கு பேரை அனுப்பினீர்கள். தூக்கும்போது ஒருவர் "என்னய்யா இந்தக் கனம் கனக்குது" என்றது காதில் விழுந்தது. மனது நிறைந்தது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சுவர் ஈரம் ஏறினால் முதுகுப் பலகை வளைந்துவிடும்.

என் தொழில் மரச்சாமான் செய்வது. வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. அதன் மூலையில், பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறை இப்போது பாலிஷ் அறை. நாங்கள் இரண்டே பேர். நான் செய்வேன், என் மனைவியின் அண்ணன் பாலிஷ் போடுவார். அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இதிலும் அப்படியே எழுதுகிறேன்.

சும்மா சொல்லக் கூடாது, மச்சான் தங்கமான மனிதர். ஒரு ஜோக் சொன்னால் அது முடிவதற்குள் அவரே சிரித்துவிடுவார். அதனால் அவருடைய ஜோக் எதற்கும் முடிவு என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தும்மினால் மூன்று. இரண்டோடு நின்று நான் பார்த்ததில்லை. வாகை மரத்தின் தூள் மூக்கில் ஏறினால் யாருக்கும் தும்மல் வரும், ஆனால் இவர் தும்மினால் கூரைத் தகரம் அதிரும். என் மனைவி அடுப்படியில் இருந்தபடியே எண்ணுவாள். "மூணு ஆச்சா? சரி, அண்ணன் நல்லா இருக்கார்" என்பாள்.

அவரிடம் ஒரே ஒரு குறை. கலர்.

எந்த மரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவர் கண்ணுக்கு அது முகம் கழுவாத பிள்ளை. டப்பாவைத் திறந்து கருஞ்சாயத்தை அடித்துவிடுவார். அடித்து முடித்தால் தேக்கு, வேம்பு, மா எல்லாம் ஒரே துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கும். வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடித்தது என்பார். பிடித்தது உண்மைதான். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

அவர் வந்த முதல் வருடம் பலா மரத்தில் ஒரு கட்டில் செய்தேன். இழைக்க இழைக்க உள்ளிருந்து ஒரு மஞ்சள் வந்தது பாருங்கள், அப்போதுதான் வெயில் பட்டதுபோல. ஒரு வேலையாக வெளியே போய்விட்டு வந்தேன். கறுப்பாகக் கிடந்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சலோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்தது ஒரு தொட்டில். அதற்கப்புறம் ஒரு எழுதும் மேசை, அதன் நான்கு நாற்காலிகள். நான்கு வருடத்தில் மொத்தம் முப்பத்தொன்று போயின. ஒவ்வொன்றையும் என்னால் அடையாளம் சொல்ல முடியும். நீங்கள் ஒருவரைப் பற்றி மட்டும்தான் கேட்கிறீர்கள்.

நான் வாய் திறக்கவே இல்லை என்று நினைக்காதீர்கள். நயமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மச்சான், மரத்துக்கு அதோட நிறமே போதும். நம்ம எதுக்கு மேல பூசணும்?"

"மாப்ள, நீ மரத்துக்காக வேல செய்யுற. நான் மனுஷனுக்காகச் செய்யுறேன்" என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இனி வாகைப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூட வாசலில் காற்றுக்குச் சாய்ந்த மரம். அதன் நடுத்தண்டை நீளவாக்கில் அறுத்து எடுத்த இரண்டு பலகைகள். பதினோரு வருடம் காய வைத்தேன். வெயில் படாமல், காற்று மட்டும் படும்படி, இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, மாதம் ஒருமுறை புரட்டிப் போட்டு, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். எங்கள் கல்யாணத்துக்கு வயது ஒன்பது. "பேசாம இந்தப் பலகையையே கட்டிக்கிட்டிருக்கலாம்ல" என்று மனைவி கேலி செய்வாள். விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பேன். தட்டும் சத்தத்தை வைத்தே இன்ன மரம், எவ்வளவு காய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் கணு, எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுவேன். கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்தவர்கள் உண்டு. இந்தக் காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

இரண்டு பலகைகளையும் இழைத்து, ஒரு புத்தகத்தைப் பிரித்து வைப்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், இந்தப் பக்கத்து வரியெல்லாம் அந்தப் பக்கமும் வரும். கரும்பழுப்பில் பொன் நிறக் கோடுகள். எனக்கு அது நடுவில் பிரிந்து ஓடும் ஆறாகத் தெரிந்தது. அலமாரியின் இரண்டு கதவுகளுக்கு என்றே அவை பிறந்திருந்தன. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார், தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"ரெண்டு கோழி மொறச்சிக்கிட்டு நிக்குற மாதிரி இருக்கு மாப்ள."

பதினோரு வருடம். கோழி என்றார்.

கோடை தொடங்கியபோது டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர், எதையும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் பேசுவார். பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். அதில் நான் விழுந்துவிட்டேன். அலமாரி செய்து தருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்தேன். எழுந்து போகும்போதுதான் சொன்னார். "எங்க வீட்டுல எல்லா சாமானும் கறுப்பா, கண்ணாடி மாதிரி இருக்கும். இதையும் அப்படியே செஞ்சிடுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து "ஆகட்டும் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. மச்சான் ஒரு வார்த்தை கொடுத்தால் மாற மாட்டார்.

அதே வாரத்தில்தான் அவர் பாலிஷ் அறைக்குப் புதிய கதவு கேட்டார்.

இது தற்செயல். நீங்கள் இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பீர்கள், அதனால் சொல்கிறேன். கேட்டது அவர்தான். பட்டறைத் தூசி பறந்து வந்து ஈரப் பாலிஷில் ஒட்டுகிறது என்று அவருக்குத் தீராத புகைச்சல். அந்த அறையின் ஒரே ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்ததும் அவர்தான். சட்டையின் பஞ்சு ஒட்டும் என்று, சட்டையை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடுதான் உள்ளே போவார். போன் சட்டைப் பையிலேயே இருக்கும். "மாப்ள, ஒரு பொட்டுத் தூசி உள்ள வரக்கூடாது. இடைவெளியே இல்லாம போடு" என்றார். இவை அவருடைய வார்த்தைகள்.

எங்கள் தொழிலில் நூல் என்று ஓர் அளவு உண்டு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கோடையில் கதவு போட்டால், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு நூல் இடம் விட வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும். அதற்கான இடம் அது. மழைக்கு ஒரு நூல் என்போம். உளி பிடித்த முதல் நாளே எல்லோரும் கற்றுக்கொள்வது. நான் விடவில்லை.

இடைவெளி வேண்டாம் என்றார், விடவில்லை. சொன்னதைச் செய்தேன். அதோடு, கதவுக்கு மாம்பலகையை எடுத்தேன். மாமரம் ஈரத்தைக் கண்டால் விருந்துக்கு வந்ததுபோல் குடிக்கும். அந்தப் பலகையைத் தகரக் கூரைக்கு அடியில், நெருப்பாகக் கொதிக்கும் இடத்தில், நாற்பது நாள் போட்டு அப்பளம்போல் காயவைத்தும் எடுத்தேன். அவ்வளவு காய்ச்சல் ஒரு கதவுக்குத் தேவையில்லைதான். ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று இப்போது யோசித்தால் சரியாக நினைவில்லை. கதவு வெளிப்பக்கம், பட்டறையைப் பார்த்துத் திறக்கும்படி வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மச்சான் விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நான்கு மாதத்தில் அலமாரி முடிந்தது. ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாம் நாக்கும் காடிப் பள்ளமும் வைத்துப் பூட்டியது. அதே வாரம் மழை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் கதவு லேசாக உரசியது. இரண்டாம் நாள் கீச்சென்றது. மூன்றாம் நாள் மச்சான் தோளால் இடித்துத்தான் வெளியே வந்தார். "கதவு பிடிக்குது மாப்ள. ஒரு இழைப்பு இழைச்சு விடேன்" என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். ஈரத்தில் இழைத்தால் கோடையில் இடைவெளி விழும் என்றும் சொன்னேன். தொழில்படி அது சரியான பதில்.

நான்காம் நாள், அதாவது நேற்று, காலை ஒன்பது மணிக்கு அலமாரியை இருவருமாகப் பாலிஷ் அறைக்குள் நகர்த்தினோம். மச்சானுக்கு அன்று குஷி. சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு உனக்கு ஒரு வேடிக்க வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து பாரு. அதுவரைக்கும் எட்டிப் பாக்கக் கூடாது" என்றார். பதினோரு வருடப் பலகையைக் கரியாக்குவது அவருக்கு வேடிக்கை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

உள்ளே போய்க் கதவை இழுத்தார். முழுதாகச் சாத்திக்கொள்ளவில்லை. "மாப்ள, வெளியிலேர்ந்து ஒரு தட்டு தட்டு" என்றார். கொட்டாப்புளியை எடுத்தேன். மரச் சுத்தியல் அது, உளியைத் தட்ட வைத்திருப்பது.

அவர் ஒரு தட்டு கேட்டார். நான் மூன்று தட்டினேன்.

பிறகு என் வேலையைப் பார்த்தேன். ஒரு நாற்காலிக்கு முதுகுக் கம்பு சீவ வேண்டியிருந்தது. மழை தகரத்தில் சடசடவென்று கொட்டியது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இன்று கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பதினொரு மணிக்கு அவர் கதவைத் தட்டினார். நடுப்பலகையில், கணுவுக்குச் சற்றுக் கீழே. சத்தம் தடிப்பாக வந்தது. மரம் நன்றாக ஈரம் குடித்திருந்தது தெரிந்தது.

"மாப்ள, கதவு சிக்கிடுச்சுப்பா. நெடி தாங்கல."

"மழ விடட்டும் மச்சான். இப்பத் தொறந்தா தூசியும் சாரலும் உள்ள வரும்."

பிறகு, "அதுவும் சரிதான். அதுக்குள்ள ரெண்டாவது கோட்டையும் போட்டுடுறேன்" என்றார். மூன்று முறை தும்மினார்.

இரண்டாவது கோட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது. ஒரு கோட் என்றால்கூடச் சுரண்டி எடுத்துவிடலாம்.

அப்புறம் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். டீச்சர். அடுத்தவர் போனைப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. திரும்பப் பையிலேயே போட்டேன். இரண்டாம் முறை அடித்தபோது சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

பன்னிரண்டரைக்கு உள்ளே ஏதோ கவிழ்ந்தது. தகர டின். உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. தோளால் கதவை முட்டினார். எட்டு முறை. வீட்டுக் கதவுகள் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கதவு இம்மியும் அசையவில்லை.

ஒரு மணிக்கு மனைவி குடை பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள்.

"அண்ணன் எங்கங்க?"

"உள்ள பாலிஷ் போடுறார். தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

அவள் கதவோரமாகக் குனிந்து கேரியரை வைத்தாள். "அண்ணே, சாப்பாடு வச்சிருக்கேன். ஆறிடப் போகுது" என்றாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. மெதுவாக, கதவின் அடிப்பகுதியில், உட்கார்ந்த ஆள் தட்டும் உயரத்தில்.

"சரி சரி, முடிச்சிட்டே வா" என்று சிரித்தாள். படியிறங்கும்போது திரும்பி, "என்னங்க, இன்னைக்குத் தும்மலே காணோம்?" என்று கேட்டாள்.

"மழையில தூசி அடங்கிடுச்சு" என்றேன்.

அவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெஞ்சில் இடது ஓரம் சிலாம்பு நிற்கிறது, பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.

மூன்று மணிக்கு மழை விட்டது. மழை விட்டதும் திறப்பதாகச் சொல்லியிருந்தேன், திறந்தேன். எப்படித் திறந்தாய் என்று நேற்று கேட்டீர்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பதால் கீல்களும் வெளிப்பக்கம்தான் இருக்கும். கீலின் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டு, விளிம்பில் உளியைக் கொடுத்து நெம்பினால் போதும், எவ்வளவு உப்பிய கதவும் கையோடு வந்துவிடும். எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. காலையிலும் இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

உள்ளே நெடி கண்ணைக் கரித்தது. தின்னர் டின் கவிழ்ந்து தரையெல்லாம் ஈரம். நான் முதலில் பார்த்தது அலமாரியை.

கறுப்பு இல்லை மேடம்.

சாய டப்பா மூலையில் மூடி ஒட்டியபடியே இருந்தது. அவர் போட்டிருந்தது வெறும் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால், தண்ணீர் மாதிரி மெல்லியதாக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோட். பதினோரு வருடம் பார்த்த பலகையை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் உள்ளேயிருந்து எழுந்து வந்திருந்தது. அப்படி ஒரு பாலிஷ் நான் கண்டதில்லை. தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஆறு இல்லை. இரண்டு கோழிகள்தான், முறைத்துக்கொண்டுதான் நின்றன. அவர் சொன்னது சரி.

டீச்சர் உங்களிடம் சொன்னதை இன்று காலை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நேற்று முன்தினம் சாயங்காலம் மச்சான் மழையில் நனைந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். "எங்க மாப்ள அந்தப் பலகையப் புள்ள மாதிரி வளத்துருக்கான் டீச்சர். அதுமேல கலரப் போட்டா எனக்கே அடுக்காது" என்று ஒரு மணி நேரம் பேசி மனதை மாற்றியிருக்கிறார். கொடுத்த வார்த்தையை அவர் மாற்றிக்கொண்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதில் அவர் பக்கமும் தவறு உண்டு என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அந்த முக்கால் மணி நேரம். மூன்று மணிக்குக் கதவைத் திறந்தவன் மூன்றே முக்காலுக்குத்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்திருக்கிறாய், நடுவில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். மூன்று மணிக்கே தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். டாக்டருக்கு மரத்தைப் பற்றித் தெரியாது, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

மச்சான் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சரியும்போது அவர் கை வலது கதவின் கீழ்ப்பாதியில் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. ஈரப் பாலிஷில் நான்கு விரல் தடம், சரியாகக் கோழியின் கழுத்தில். அரக்குப் பாலிஷ் இறுகுவதற்குள் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துவிட்டால் தடம் மறைந்துவிடும். இறுகிவிட்டால் தழும்பு நின்றுவிடும். யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்வார்கள். அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

பஞ்சுப் பொட்டலம் அவர் கையில் இருந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், அவரும் இழுத்தார். அந்த நிலைமையிலும் என்னை நம்பி வேலையை விட்டுக்கொடுக்க அந்த மனிதருக்கு மனம் வரவில்லை.